மலையில் ஓர் இரவு

பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களுக்கு நெய்யாறு அன்றாடம் பழகிய ஆறு. அது பிறக்கும் அகத்தியமலையை ஒருமுறையேனும் ஏறிக் காணவேண்டும் என்பது நம் பெரியோர் பலரது நெடுநாளைய ஆசை. பிள்ளைகளைக் கரையேற்றிய பிறகே அதற்கு ஓய்வு வாய்க்கிறது. ஆனால் அதற்குள் வயது அறுபதைத் தாண்டிவிடுகிறது. 2019ஆம் ஆண்டு முதல் பெண்களும் சிகரம் வரை செல்ல வழி பிறந்திருப்பதால், தாய்மார்களும் இன்று இவ்வாசையைச் சொல்லத் தொடங்கியிருக்கின்றனர்.

ஆசை நல்லதே. ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. சிகரத்தின் உயரம் 1,868 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறு பாகை குறையும். போணக்காட்டிலிருந்து நாள் முழுதும் நடந்து, அதிருமலை முகாமில் இரவு தங்கி, மறுநாளே சிகரம் ஏறவேண்டும். அவ்விரவுதான் முதியோருக்குச் சோதனை.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர் நடையில் இளைஞர்களை மிஞ்சினார். இரவில் வியர்வை நனைந்த பனியனோடு ஒற்றைப் பாயில் படுத்துவிட்டார். நள்ளிரவில் தற்செயலாக விழித்துப் பார்த்தோம். அவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். பேச்சுக் குழறியது. நடுக்கமோ மிகவும் குறைவு. “குளிரவில்லையே” என்றார்! ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியால் மார்பையும் முதுகையும் போர்த்தி, சர்க்கரையிட்ட வெந்நீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கச் செய்த பின்னரே தெளிந்தார். நாங்கள் விழித்திராவிடில் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் எண்ணிப் பார்க்க அஞ்சுகிறோம்.

முதுமையில் தசை குறைகிறது. உடல் உண்டாக்கும் வெப்பமும் குறைகிறது. தோலின் இரத்தக் குழாய்கள் விரைந்து சுருங்கி வெப்பத்தைக் காப்பதில்லை. குளிரை உணரும் திறனும் மங்குகிறது. உடல்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, “குளிருகிறதா?” என்று கேட்பது மட்டும் போதாது, கையை உள்ளே விட்டு வயிற்றைத் தொட்டுப் பார்க்கவேண்டும். வயிறு குளிர்ந்திருந்தாலும், பேச்சுக் குழறினாலும் தாமதிக்கலாகாது. கைகால்களைத் தேய்த்தல் வேண்டா. நினைவு தெளிவாக இருந்தாலன்றி எதையும் குடிக்கக் கொடுக்கலாகாது. மருத்துவ உதவியை உடனே நாடவேண்டும்.

வருமுன் காப்பது எளிது. முகாமை அடைந்ததும் முதற்காரியம், பனியன் உட்பட வியர்த்த உடைகளை மாற்றுவது. உடல் வெப்பத்தைத் தரை உறிஞ்சிவிடும்; ஆகவே மேலே போர்த்துவதினும் கீழே விரிப்பது முக்கியம். முதலில் ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் கோரைப்பாய், அதன்மேல் மடித்த கம்பளி. தடித்த சட்டை ஒன்றைவிட மெல்லிய உடைகள் மூன்று மேல். அவற்றினிடையே தங்கும் காற்றே கதகதப்பைக் காக்கும். தலைக்குக் குல்லாயும் காலுக்கு உலர்ந்த உறையும் வேண்டும். படுக்குமுன் சூடான கஞ்சி வயிறார உண்ணுக. எழுந்து வெளியே செல்லவேண்டுமே என்றஞ்சித் தண்ணீரை ஒதுக்கவேண்டா. துணைக்கு ஒருவரை எழுப்புக. மது சூடேற்றும் என்பது பொய். அது உள்ள சூட்டையும் தோல்வழியே போக்கிவிடும். அடைத்த அறையில் கரிநெருப்பு மூட்டினால் நச்சுவாயு மூச்சைக் கொல்லும்.

இரத்த அழுத்தம், நீரிழிவு, தூக்கமின்மை இவற்றுக்கு மருந்துண்போர் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து கொள்க. அவர் வேண்டாமென்றால் அதனை மானக்குறைவாகக் கொள்ளவேண்டா; நெய்யாற்றங்கரையில் நின்று அம்மலையை வணங்கினும் அகத்தியர் ஏற்றுக்கொள்வார்.

இளைஞர்களுக்கு ஒரு சொல். நம் பெரியோர் பிறருக்குத் தொல்லை தரலாகாது என்று வாய்திறவாது குளிரைப் பொறுப்பவர்கள். அவர்கள் கேட்குமுன் கம்பளியைக் கொடுங்கள். இரவில் ஒருமுறை நீங்களே விழித்துப் பாருங்கள்.