பதினேழு வயதின் கோடை: அன்றும் இன்றும்

பிளஸ் டூ கடைசித் தேர்வை எழுதி முடிப்பதற்கும் கல்லூரி வாசலை மிதிப்பதற்கும் நடுவில் இரண்டு மூன்று மாதங்கள் உண்டு. சின்னப்பிள்ளை என்ற பெயர் போய், பெரியவர் என்ற பெயர் இன்னும் வராத காலம் அது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பும் அந்தக் கோடை இருந்தது, இன்றும் இருக்கிறது. அதில் ஒரு பிள்ளை எதையெதைத் தாண்டி வர வேண்டும் என்பதுதான் மாறிவிட்டது. சில மாற்றங்களைக் கொண்டாட வேண்டும். சிலவற்றுக்காகப் பெற்றவர்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

முதலில் ரிசல்ட். தமிழ்நாட்டில் முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980-ல் நடந்தது. அந்தப் பத்தாண்டுகளில் ரிசல்ட் என்பது ஊரறிய நடக்கும் காரியம். மாலைப் பத்திரிகையில் தேறியவர்களின் பதிவு எண்கள் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக அச்சாகியிருக்கும். பேப்பர் கட்டு வந்து இறங்குவதற்குள் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிடும். எண் இருந்தால் பாஸ். இல்லாதவன் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களையே திரும்பத் திரும்ப விரல் வைத்துத் தேடுவான். எத்தனை மார்க் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போனால்தான் தெரியும். ஃபெயிலானவர்கள் மறுதேர்வுக்கு செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்லூரிகள் திறந்து பாடம் பாதி ஓடியிருக்கும். வசதியுள்ளவர்கள் டுட்டோரியலில் சேர்ந்தார்கள். மற்றவர்கள் ஒர்க்‌ஷாப்புக்கும் மளிகைக் கடைக்கும் போனார்கள். ஒரே ஒரு பாடத்தில் தவறியதற்காகப் படிப்பையே விட்டவர்கள் அன்றைக்குத் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள்.

இன்று மதிப்பெண் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. மாநிலத்தில் முதல் மூன்று இடம் யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017-ல் நிறுத்தியது. மார்க்கை வைத்துப் பிள்ளைகளை மேடையேற்றியும் மூலையில் நிறுத்தியும் வந்த பழக்கத்துக்கு அது ஒரு தடை. தவறியவர்கள் சில வாரங்களிலேயே துணைத் தேர்வு எழுதி, அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். மனம் உடைந்த பிள்ளையும் பெற்றோரும் 104-ஐ அழைத்தால் ஆலோசகர் பேசுகிறார். ஒரு தோல்விக்கு ஒரு வருடத்தையே அபராதமாக வாங்கிய காலம் போனது. இந்த மாற்றத்தை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

பெண்பிள்ளைகளின் கோடை இதைவிடவும் மாறியிருக்கிறது. பரீட்சை முடிந்த கையோடு ஜாதகத்தை எடுப்பது அன்று பல வீடுகளில் வழக்கம். பெண்ணின் திருமண வயது பதினெட்டு என்று 1978-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகும், ஊருக்குள் பேச்சு அதற்கு முன்பே தொடங்கிவிடும். கல்லூரி பக்கத்து ஊரில் இருந்தால் படிக்கலாம். பஸ் ஏறிப் போகவேண்டிய தூரம் என்றால் வேண்டாம். அந்தத் தூரத்தை உடைத்த வண்டி சைக்கிள். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ல் தொடங்கிய அறிவொளி இயக்கம், எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததோடு நில்லாமல் பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுத் தந்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் கேலியையும் ஏச்சையும் பொருட்படுத்தாமல் மிதித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காத இடத்தில் பார் வைத்த ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். பின்னாளில் பதினொன்றாம் வகுப்பு மாணவிகளுக்கும் மாணவர்களுக்கும் அரசே சைக்கிள் கொடுத்தது. இன்று சைக்கிளில் போகும் பெண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த இயக்கத்தின் வெற்றி அதுதான்.

இந்த மாற்றத்தை ஒரே திட்டத்தின் வரலாற்றிலும் பார்க்கலாம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் வந்தது ஏழைப் பெண்களுக்கான திருமண நிதியுதவி. பிறகு தாலிக்குத் தங்கமும் அதில் சேர்ந்தது. 2022-ல் அதே அம்மையாரின் பெயரோடு அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரிலுள்ள கணக்கிலேயே விழுகிறது. பதினேழு வயதுப் பெண்ணின் அடுத்த படி கல்யாணம் என்று கணக்குப் போட்ட சமூகம், அது கல்லூரி என்று கணக்கை மாற்றியிருக்கிறது.

இழந்ததையும் சொல்ல வேண்டும். கிராமத்துக் கோடையில் அன்று பையன்களுக்குப் பெரிய தேர்வு கிணற்றில்தான். இடுப்பில் கயிறு, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, மேலே மோட்டார் ரூம் திண்ணையில் மாமாவோ சித்தப்பாவோ. சுரைக்குடுக்கை இல்லாமல் ஒரு சுற்று வந்தால் முதல் படி. மேட்டிலிருந்து குதித்தால் அடுத்தது. தரை தொட்டு ஒரு கைப்பிடி மண் எடுத்து வந்தால் அவன் தேறினான். அந்த மண்ணைப் பார்த்ததற்கு மேல் யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. பெண்பிள்ளைகளில் சிலருக்குத்தான் அந்த வாய்ப்பு கிடைத்தது. அன்றைக்கும் அது ஒரு குறைதான்.

ஆழ்துளைக் கிணறுகள் வந்து நிலத்தடி நீர் கீழே போனதும் பல கிணறுகள் வற்றின. சில குப்பை கொட்டும் குழிகளாயின. நகரத்தில் நீச்சல்குளம் இருக்கிறது, மாதக் கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு. விளைவு என்ன? நீச்சல் தெரியாத ஒரு தலைமுறை, விடுமுறையில் ஆற்றுக்கும் அணைக்கும் அருவிக்கும் போகிறது. மணல் அள்ளிய பள்ளங்கள் ஆற்றில் எங்கே இருக்கின்றன என்று வெளியூர்ப் பிள்ளைக்குத் தெரியாது. ஒருவன் மூழ்க, காப்பாற்றப் போன இன்னொருவனும் மூழ்கினான் என்ற செய்தி ஒவ்வொரு மே மாதமும் வருகிறது. நீரில் மூழ்குவதைத் தடுப்பதற்கென்று ஐ.நா. சபை ஜூலை 25-ஐ ஒதுக்கியிருக்கிறது. நமக்கு அந்த விழிப்பு கோடை தொடங்கும் முன்பே வேண்டும்.

நீச்சல் கற்கும் அந்த நாட்கள் எங்கே போயின? பெரும்பகுதி நுழைவுத் தேர்வுக்குப் போனது. தொழிற்படிப்புகளுக்கு மாநில நுழைவுத் தேர்வு 1984-ல் வந்தது. 2006-ம் ஆண்டின் சட்டம் அதை நீக்கியது. பத்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, 2017-ல் மருத்துவத்துக்கு நீட் கட்டாயமானது. 2025-ல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 25-ல் முடிந்தது, நீட் மே 4-ல் நடந்தது, பிளஸ் டூ முடிவு மே 8-ல் வந்தது. மருத்துவம் படிக்க விரும்பிய பிள்ளைக்கு இந்த நாட்களில் எது ஓய்வு, எது கோடை? இடம் கிடைக்காதவர்கள் ‘ரிப்பீட்டர்’ என்ற பெயரோடு இன்னொரு வருடம் கோச்சிங் சென்டரில் அடைகிறார்கள். அன்று தோற்றவன் இழந்த அந்த ஒரு வருடத்தை, பிளஸ் டூவில் நன்றாகத் தேறிய பிள்ளை இன்று இழக்கிறது.

எல்லாமே தலைகீழாகிவிடவில்லை. தட்டச்சுப் பயிலகங்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன. குரூப் 4 தட்டச்சர் வேலைக்காக இன்றும் பிள்ளைகள் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளை எழுதுகிறார்கள். முதல் வாரம் முழுக்க ஒரே நான்கைந்து எழுத்துகளை அடித்து, சுண்டுவிரல் வலித்து, பிறகு ஒருநாள் கை தானாக ஓடும் அனுபவம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்.

அந்த அனுபவத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அன்றைய கோடையில் தேர்வுகள் பல, தேர்வாளர்களும் பலர். கணக்கில் தோற்றவன் கிணற்றில் ஜெயித்தான். மார்க் குறைந்தவன் சைக்கிள் கடையில் பேர் வாங்கினான். தன்னால் ஒன்று முடியும் என்பதற்கு அவன் உடம்பிலேயே அத்தாட்சி இருந்தது. இன்று பிள்ளைகளுக்கு வழிகள் கூடியிருக்கின்றன, அளவுகோல் மட்டும் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. அந்த ஒன்றில் சறுக்கினால், தான் எதற்கும் ஆகாதவன் என்று பதினேழு வயது முடிவுகட்டிவிடுகிறது. அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆகவே பெற்றவர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். கோச்சிங்குக்குக் கட்டும் பணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கோடையில் மார்க் இல்லாத ஒரு காரியத்தையும் பிள்ளை முடிக்கட்டும். நீந்தட்டும், சமைக்கட்டும், தனியாக ரயிலேறி அத்தை வீட்டுக்குப் போய் வரட்டும். மகளுக்கும் மகனுக்கும் அதே உரிமையைக் கொடுங்கள். ஊராட்சிகள் ஊருக்கு ஒரு கிணற்றையாவது தூர்வாரி, சுவர் கட்டி, நீச்சல் சொல்லித்தர ஓர் ஆளையும் வைக்கட்டும். ரிசல்ட் எப்படி வந்தாலும், அந்தப் பிள்ளை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள இன்னொரு வெற்றி கையில் இருக்க வேண்டும்.