தோட்டத்து ஏடுகளும் அவற்றின் காவலும்

ஆவணமொன்றைக் காத்தல் இருவகைப்படும். தீ, நீர், கறையான், பூஞ்சணம் முதலியவற்றால் அது அழியாமற் காப்பது ஒன்று. உரிமையற்றார் கண்ணிற் படாமற் காப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒருங்கே நிறைவேற்ற எழுந்ததே இரும்புப் பெட்டகம். ஆயின், பெட்டகத்தின் திறவுகோல் யார் கையில் இருத்தல் வேண்டும் என்னும் வினாவிற்குப் பூட்டுத் தொழில் வல்லார் எவரும் விடை கூறியதில்லை. ஹற்றன், நுவரெலியாப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் அவ்வினா பல்லாயிரம் குடும்பங்களின் வாழ்வோடு பின்னிக் கிடந்தது.

ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரையிற் தேயிலை பயிரிட்ட காலத்திற்கு முன்னரே பெட்டகத் தொழில் இங்கிலாந்தில் உயர்நிலை எய்தியிருந்தது. 1818இல் ஜெரமையா சப் என்பார் அமைத்த பூட்டினைக் கள்ளச் சாவியாற் திறக்க முயன்றால், உள்ளே ஒரு நெம்பு மாட்டிக்கொள்ளும். உரியவர் பின்னர் வந்து திறக்கும்போது அம்முயற்சி வெளிப்பட்டுவிடும். 1840இல் தோமஸ் மில்னர் உரிமம் பெற்ற பெட்டகத்திலோ இரட்டைச் சுவர்களின் இடையே உப்புக் கரைசல் அடைத்த குழாய்கள் இருந்தன. தீயின் வெம்மையில் அவை வெடிக்க, கசியும் ஈரம் சுவரிடைப் பொதியை நனைத்துச் சூட்டைத் தடுத்தது. தாள் ஏறத்தாழ 177 பாகை செல்சியஸிற் கருகத் தொடங்குமாதலின், அவ்வெல்லைக்குள் உள்வெப்பத்தை அடக்குதலே இன்றைய தீக்காப்புப் பெட்டகங்களுக்கும் அளவுகோல். இதில் ஒரு முரண் உண்டு. தீயைத் தடுக்கும் அவ்வீரமே மூடிய பெட்டகத்தின் காற்றை நனைத்துப் பூஞ்சணத்தை வளர்க்கும். மூடுபனி நீங்காத மலைநாட்டில் தீக்காப்புப் பெட்டகத்துள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளையும் இடாதார், ஒரு பகைக்கு அஞ்சி மற்றொன்றை வீட்டிற்கு அழைத்தவராவர்.

தோட்டக் காரியாலயத்தில் இவ்வாறு காக்கப்பட்டவை யாவை? தலையாயது செக்றோல் எனப்படும் பெயரிடாப்பு. காலைப் பிரட்டிற்கு வந்தவர் யார், எவருக்கு எத்தனை பேர் விழுந்தது, அரிசிக்கும் முற்பணத்திற்கும் எவ்வளவு கழிக்கப்பட்டது என்பன அதில் எழுதப்பட்டன. மற்றொன்று ‘துண்டு’. தொழிலாளி இன்ன தொகை கடன்பட்டுள்ளார், அதனைச் செலுத்தினால் அவர் விடுவிக்கப்படுவார் எனத் துரை எழுதிக் கொடுத்த சிறு தாள் அது. அதனைப் பெறாது வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. துண்டைக் கையில் வைத்துத் தோட்டந்தோறும் விலை பேசியவர் கங்காணி. கடன் யார் பெயரில் இருந்ததோ அத்தொழிலாளி அதனை வாசிக்கவும் அறியார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் இம்முறையை ஒழித்தது. இந்தியாவிலிருந்து வருவோர்க்குத் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரச் சீட்டு வழங்கப்பட்டமையும் இங்கு நினைக்கத்தக்கது. அது மழையில் ஊறாது, கறையான் தீண்டாது. ஆளை உரிய தோட்டத்திற் சேர்ப்பிக்கும் அடையாளத்திற்கு உலோகம் கிடைத்தது. ஆளின் உரிமைக்குச் சான்றாக வேண்டிய எழுத்துத் தாளிலேயே நின்றது.

அத்தாளின் அருமை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தின் பின்னரே புலனாயிற்று. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்படி, விண்ணப்பிப்போர் 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன்னர், விவாகமானோராயின் 7 ஆண்டுகளும் மற்றையோராயின் 10 ஆண்டுகளும் இடையறாது இலங்கையில் வதிந்தமையை நிறுவ வேண்டும். 1951 ஆகஸ்ட் 5 வரை ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் சுமார் 825,000 பேர் சார்பிற் குவிந்தன. பிரஜாவுரிமை பெற்றோரோ ஏறக்குறைய 134,000 பேரே. நாள்தோறும் கொழுந்து பறித்தமைக்கு மலையே சாட்சியாயினும், அதிகாரி கேட்டது எழுத்துச் சாட்சி. அவ்வெழுத்தோ தொழிலாளியின் கையில் இல்லை. காரியாலயப் பெட்டகத்தில் இருந்தது. தன்னைப் பற்றிய ஏடு தனக்கே மறைபொருளாக இருந்தமை இங்குள்ள விந்தை.

லயத்தில் இருந்த காவல் ஒரு டிரங்குப் பெட்டி. பிறப்பத்தாட்சிப் பத்திரமும், பின்னாளில் அடையாள அட்டையும் சேமலாப நிதிக் கடிதங்களும் துணிகளின் அடியிற் கிடந்தன. அடுப்புப் புகையும் ஒழுகும் கூரையும் ஒரே அறையில். காற்றின் சார்பீரப்பதன் 65 வீதத்தைத் தாண்டி நீடிக்கின் பூஞ்சணம் பற்றும் என்பர். மழைமாதங்களில் நுவரெலியாவில் அவ்வெல்லை எளிதிற் கடக்கப்படும். பழைய பதிவுகள் பலவற்றை எழுதிய மையோ அன்னபேதியும் மாசிக்காயும் சேர்ந்தது. ஈரத்தில் அதன் அமிலம் எழுத்தின் வழியே தாளை அரித்துவிடும். இதற்கஞ்சிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக்கிற் பொதிந்து வெப்பத்தால் ஒட்டுவோர் பலர். அது தகாது. பின்னர்ப் பிரிக்க இயலாமையோடு, உள்ளிருக்கும் அமிலமும் அகப்பட்டுக்கொள்ளும். அமிலமற்ற உறையிலிட்டு, நிலத்தினின்றும் சுவரினின்றும் விலக்கி, வெயில் நாளில் நிழலிற் காற்றாட விடுதலே போதும்.

1983 ஜூலையில் நுவரெலியாவில் எழுந்த தீயின் முன் டிரங்குப் பெட்டி எம்மாத்திரம்? 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் நிரந்தரமாக வதிந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தபோதும், அவ்வதிவினை எடுத்துக் கூறக் கடதாசி தேடவேண்டியிருந்தது.

மறைத்துக் காக்கவேண்டியவையும் உள. ஒருவரின் நோய்க்குறிப்பும் சம்பளக் கழிவும் கடனும் அயலார் அறியத்தக்கன அல்ல. அவை காரியாலய மேசையிற் திறந்து கிடத்தல் கூடாது. காலம் முடிந்தபின் குப்பைக்குப் போதலும் கூடாது. தாளை நீள்கீற்றாக வெட்டும் பொறி மலிவானது, ஆயினும் பொறுமையுள்ளோர் கீற்றுகளை ஒட்டிச் சேர்த்துவிடுவர். குறுக்கும் நெடுக்குமாகத் துணிக்கும் பொறியே நம்பத்தக்கது.

இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுகள் பாதுகாப்புச் சட்டம், தரவுக்குரியவர் தம்மைப் பற்றிய பதிவைக் கேட்டறியும் உரிமையையும் வகுத்துள்ளது. தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் தனியார் கம்பனிகளின் முகாமைக்கு மாறின. எஞ்சியுள்ள செக்றோல்களைத் தைப்புப் பிரிக்காது, மென்மையான ஒளியிற் பக்கம்பக்கமாக நிழற்படமாக்கி, ஒரு பிரதியைத் தோட்டத்திற்கு வெளியேயும் பூட்டிவைத்து, ஏட்டிற் பெயருள்ள குடும்பத்தாருக்கு அவரவர் வரிகளை மட்டும் கொடுத்தல் இன்று ஆகக்கூடிய வேலை.