விளையாட்டல்ல, ப்ளே!

இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்குப் பள்ளி ஆண்டு விழாவில் ஒரு சிறு வேடம். "தாத்தா, ப்ளேன்னா விளையாட்டுதானே? அப்புறம் ஏன் மிஸ் அதுல நடிக்கச் சொல்றாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி என்னை நாற்பது வருடங்களுக்கு முன்னால் கொண்டுபோய்விட்டது.

1982-ஆம் வருடம். டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் சேர்ந்து, வடக்கே ஒரு பணிமனையில் புரொபேஷனில் இருந்தேன். படித்தது தமிழ் மீடியம். ஒரு வேகன் பழுதாகி நின்றதற்கு என்னைப் பொறுப்பாக்கி 'ஷோ காஸ்' நோட்டீஸ் வந்தது. ஷோ என்றால் காட்டு, காஸ் என்றால் காரணம். இவ்வளவுதானே என்று நினைத்து, தேய்ந்துபோன பிரேக் புஷ்ஷைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப்போய் அதிகாரியின் மேஜைமேல் வைத்தேன். "இதுதான் சார் காரணம்!" அவர் முகம் சிவந்துவிட்டது.

வெளியே வந்ததும், அங்கே தலைமை எழுத்தராக இருந்த மாயவரத்துக்காரர் தனியே அழைத்தார். "தம்பி, இது சாமானைக் காட்டற விஷயமில்லை. உங்கமேல ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாதுன்னு எழுத்துல காரணம் சொல்லணும். நாளையோட கெடு முடியுது" என்றார். எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அன்றிரவே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது அவர் திடுக்கிட்டார். "'எக்ஸஸ் ப்ளே'ன்னு எழுதியிருக்கீங்களே! வேலை நேரத்துல விளையாடினேன்னு நீங்களே ஒத்துக்கறீங்களா?"

"இல்லை சார், புஷ்ஷுக்கும் பின்னுக்கும் நடுவுல ஆட்டம் அதிகம்."

"ஆட்டமா! அப்படித் தமிழ்ல சொன்னாத்தானே புரியும்!"

புஷ்ஷை மாற்றக் கேட்டு நான் முன்பே எழுதியிருந்த குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தோம். வேலை பிழைத்தது.

எங்கள் தொழிலில் ப்ளே என்பது வெறும் குறை அல்ல, ஓர் அளவு. அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கு இடையே 1676 மி.மீ. புதுச் சக்கரங்களின் விளிம்புகளுக்கும் தண்டவாளங்களுக்கும் நடுவே மொத்தம் 19 மி.மீ. ஆட்டம் விடுவது கணக்கு. அது இல்லாவிட்டால் சக்கரம் உரசும், வளைவில் சிரமப்படும். மிஞ்சினால் வண்டி தள்ளாடும்.

'ஆக்ட்' இன்னும் வேடிக்கை. நடிப்பும் ஆக்ட், செயலும் ஆக்ட், சட்டமும் ஆக்ட். நாடகங்களை அடக்க ஆங்கிலேயர் 1876-ல் கொண்டுவந்ததும் ஓர் ஆக்ட்தான்!

நம் தமிழும் சளைத்ததல்ல. சுவாமிக்குத் தீபம் காட்டுகிறோம். ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டுகிறோம். குழந்தைக்கு நிலாவைக் காட்டுகிறோம். பிடிக்காதவரிடம் முகத்தைக் காட்டுகிறோம். பழைய ரயில் சிக்னலுக்கே நம்மூரில் கைகாட்டி என்றுதான் பெயர்.

இந்த நாக்பூரில் நம் பிள்ளைகளுக்கு மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் வெளியே தாராளமாகக் கிடைக்கின்றன. தமிழ் வீட்டில் மட்டுமே கிடைக்கும். அகராதி ஒரு சொல்லுக்குப் பொருள் தரும். அதை எங்கே எப்படிச் சொல்வது என்பதைப் பக்கத்தில் இருந்து பேசும் ஒருவர்தான் தரமுடியும். எனக்கு ஒரு மாயவரத்துக்காரர் வாய்த்தார். நம் பிள்ளைகளுக்கு, அன்பர்களே, நாம்தான் வாய்க்கவேண்டும்.

பேத்தியிடம் சொன்னேன்: "மயில் ஆடும், ஊஞ்சல் ஆடும், கூத்து ஆடுவாங்க, நீ கேரம் ஆடறே. எல்லாம் ஒரே சொல்தான்."

சற்று யோசித்தாள். நேற்றுவரை "பல் ஹில் ஆகுது" என்று சொல்லிக்கொண்டிருந்தவள், வாயைத் திறந்து காட்டினாள்.

"தாத்தா, என் பல்லும் ஆடுது!"