கூட்டத்துக்கு வராத அம்மா

"வர வேண்டிய தாய் தகப்பன் ஒருநாளும் வரமாட்டினம். வாறவைக்கு நாங்கள் சொல்ல ஒண்டும் இருக்காது."

முல்லைத்தீவு மாவட்டத்தின் உட்கிராமம் ஒன்றில், பெற்றோர் கூட்டம் முடிந்த கையோடு வகுப்பாசிரியை ஒருவர் என்னிடம் இப்படிச் சொன்னார். அது 2023 ஆம் ஆண்டு. தரம் 9 இல் 32 பிள்ளைகள். அன்று வந்திருந்த தாய்மார் 11 பேர், தகப்பன்மார் 2 பேர். வராதவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதி என் கையில் தந்தார். முதலாவது பெயரின் கீழ் இரண்டு தரம் கோடு இழுத்திருந்தார்.

"இந்தப் பெடியன் கிழமையில ஒரு நாளாவது நிண்டிடுவான். கணக்குக்கு 17. தாய் எட்டியும் பார்க்கிறேல்லை. நீங்கள் ஒருக்காப் போய்ப் பாருங்கோ மிஸ்."

நான் போனேன். வாசலில் நின்ற பையன் என்னையும், என் ஸ்கூட்டியையும், தோளில் கிடந்த பையையும் பார்த்தான். "அம்மா இல்லை" என்றான். எங்கே என்று கேட்டால் தெரியாதாம். எப்போது வருவார் என்றாலும் தெரியாதாம். அடுத்த கிழமையும் போனேன். அதே பதில். ஆனால் அன்று குசினித் தட்டிக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. வீட்டில் இருந்துகொண்டே ஒளிக்கிறார் என்று விளங்கியது. எனக்குக் கோபம் வந்தது. திரும்பி வந்து களக் குறிப்புப் புத்தகத்தில் "பிள்ளையின் கல்வியில் தாய்க்கு அக்கறை இல்லை" என்று எழுதினேன். சமூகவியல் படித்துப் பட்டம் பெற்ற ஒருத்தி எழுதிய வசனம் அது. இன்றும் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

மூன்றாம் முறை, பக்கத்து வீட்டு அம்மா ஒருவர்தான் என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போனார். அன்று ஞாயிற்றுக்கிழமை. தட்டிக்குப் பின்னால் நின்ற அந்த அக்கா வெளியே வந்து முதலில் கேட்டது இதுதான்: "நீங்கள் லோன்காரப் பிள்ளை இல்லையோ?"

நான் போன இரண்டு நாளும் வியாழக்கிழமை. அவர் எடுத்த குழுக்கடனுக்குக் கிழமைக் காசு அறவிட வருகிற நாளும் வியாழன்தான். ஸ்கூட்டியும் பையும் பைலுமாக ஒரு பெண் படலைக்கு வந்தால் அவர் வேறு என்ன நினைப்பார்? காசு இல்லாத வியாழன்களில் மகனை வீட்டில் மறித்து, வாசலில் நின்று "அம்மா இல்லை" சொல்ல வைத்திருக்கிறார். வகுப்பாசிரியையின் வரவு இடாப்பைப் பிறகு நானும் அவருமாகப் பார்த்தோம். வராத நாட்களில் பெரும்பாலானவை வியாழன். இடாப்பில் அது இத்தனை மாதமாக எழுதப்பட்டுத்தான் இருந்தது. யாரும் அதைக் கிழமை பார்த்து வாசிக்கவில்லை.

அந்தக் கடன் எதற்கு எடுத்தது என்று கேட்டேன். "கொரோனா நேரம் போனிலதான் படிப்பு எண்டு சொல்லிச்சினம். இவனுக்குப் போன் வாங்கத்தான் எடுத்தது" என்றார். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகன் தரம் 6. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் பாடசாலை திறந்த நாட்களை விட மூடிய நாட்கள்தான் எங்கள் பிள்ளைகளுக்கு நினைவில் இருக்கின்றன. போன் வாங்கியும் கிராமத்தில் சிக்னல் இல்லை. 2022 இல் கொப்பி விலையும் அரிசி விலையும் ஒன்றாக ஏறியபோது முதல் கடனைக் கட்ட இரண்டாவது கடன். படிப்புக்கு எடுத்த கடன் பிள்ளையைப் பாடசாலைக்குப் போகவிடாமல் மறித்த கதை இது.

சரி, வியாழன் விளங்கிவிட்டது. கூட்டத்துக்கு ஏன் வருவதில்லை? கூட்டம் நடந்தது செவ்வாய்க்கிழமை அல்லவா?

அந்த அக்கா உடனே பதில் சொல்லவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார். ஆட்டுக்குட்டியைப் பிடித்துக் கட்டினார். பிறகுதான் சொன்னார்.

"நான் கேற் மட்டும் வந்தனான் தங்கச்சி. மூண்டு தரம் வந்து திரும்பியிருக்கிறன். உள்ளுக்கு வர ஏலாமல் கிடக்கு."

1995 ஒக்ரோபரில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவருக்கு வயது 13. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் 6 குடும்பங்களோடு இருந்தார்கள். பிறகு வன்னி. அங்கும் ஒரு பாடசாலைக் கட்டடம். தரம் 8 ஓடு அவரது படிப்பு நின்றது. படித்த பாடசாலைகளை விடக் குடியிருந்த பாடசாலைகள் அவருக்குக் கூட. 2009 இன் தொடக்கத்தில் வன்னியில் ஆஸ்பத்திரிகள் ஒவ்வொன்றாக இடம்பெயர, பாடசாலைகளே தற்காலிக வைத்தியசாலைகளாக இயங்கின என்பது அங்கிருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படி ஒரு வகுப்பறையில்தான், வாங்குகளை ஒன்றாக இழுத்து அடுக்கி, காயப்பட்ட தாயைக் கிடத்தியிருக்கிறார்கள். இவர் அப்போது வயிற்றில் பிள்ளையோடு பக்கத்தில் நிலத்தில் இருந்திருக்கிறார். தாய் அன்றிரவே இறந்துவிட்டார். வயிற்றில் இருந்த அந்தப் பிள்ளைதான் இப்போது தரம் 9. கணவரும் உடம்பில் ஷெல் துண்டுகளோடு சில காலம் வாழ்ந்து 2017 இல் போய்விட்டார்.

"கரும்பலகையும் அந்த வாங்கும் கண்ணில பட்டா அம்மாவிட முகம்தான் வருது. ரீச்சர் என்ன சொல்லுறா எண்டு காதில விழாது. அதுதான் போறேல்லை."

பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஜோய்ஸ் எப்ஸ்டீன் என்ற அமெரிக்க ஆய்வாளரைப் படித்திருக்கிறோம். குடும்பமும் பாடசாலையும் சேர்ந்து இயங்குவதை அவர் ஆறு வகையாகப் பிரித்தார். பிள்ளை வளர்ப்பு, தொடர்பாடல், தொண்டாகப் பங்கேற்றல், வீட்டில் கற்றல், தீர்மானம் எடுத்தல், சமூகத்தோடு கூடி வேலை செய்தல் என்று வரும். பரீட்சைக்கு நன்றாகப் பாடமாக்கினேன். கேற் மட்டும் வந்து திரும்புகிற தாயை அந்த ஆறில் எந்தப் பெட்டிக்குள் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியையைக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. அவர் தூர இடத்திலிருந்து விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர். கிராமத்தில் ஒருவரையும் தெரியாது. வகுப்பில் 3 பிள்ளைகளுக்குத் தன் கைக்காசில் கொப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை யாருக்கும் சொன்னதில்லை, நான் தற்செயலாக அறிந்தேன். அவர் தாயை அக்கறையில்லாதவர் என்று நினைத்தார். தாய் அவரைக் கடுமையானவர் என்று நினைத்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதே இல்லை.

அந்த அக்காவின் சம்மதத்தோடு நடந்ததை ஆசிரியையிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப கூட்டத்தைப் பள்ளிக்கூடத்துக்கு வெளியில வைப்பம்" என்றார். அதிபர் முதலில் தயங்கினார். பாடசாலைக் கூட்டம் பாடசாலையில்தான் நடக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திலிருந்த ஒரு பெரியவர் பேசியபின் ஒத்துக்கொண்டார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின் முன்னால், வேப்பமரத்தின் கீழ் பாய் விரித்து, ஒரு ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கூடினோம். பகலில் கூட்டம் வைத்தால் கச்சான் பிடுங்கப் போகிறவருக்கும் கருவாட்டு வேலைக்குப் போகிறவருக்கும் ஒருநாள் கூலி போய்விடும். இது எங்களுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

அன்று 26 தாய்மார் வந்தார்கள்.

ஆசிரியை புள்ளி அட்டவணையை எடுக்கவில்லை. "உங்கட பிள்ளை வீட்டில என்ன செய்யும் எண்டு சொல்லுங்கோ" என்று மட்டும் கேட்டார். இந்த அக்காவின் முறை வந்தபோது, மகன் விடிய எழும்பி ஆட்டுப்பால் கறந்து, கால் லீற்றர் அரை லீற்றர் என்று ஐந்து வீட்டுக்கு அளந்து கொடுத்து, மாத முடிவில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று கணக்கு எழுதுவதாகச் சொன்னார். கணித ஆசிரியர் நிமிர்ந்து பார்த்தார். பின்னம் விளங்காது என்று அவர் ஒதுக்கி வைத்த பிள்ளை! அடுத்த நாள் பால் கணக்குக் கொப்பியைப் பாடசாலைக்குக் கொண்டுவரச் சொல்லி, அதிலிருந்தே அவனுக்குப் பின்னம் தொடங்கினார்.

வியாழக்கிழமைக்கும் ஒரு வழி வந்தது. அந்த நாளில் வாசிகசாலைத் திறப்பு அவன் பொறுப்பு என்று வகுப்பாசிரியை ஒப்படைத்தார். அவன் வராவிட்டால் மற்றப் பிள்ளைகள் வெளியில் நிற்க வேண்டும். காசு கேட்டு வருகிறவர்களைத் தனியே சந்திக்காமல், குழுவிலுள்ள பெண்கள் ஒரு வீட்டில் சேர்ந்திருந்து பின்னேரம் சந்திப்பதென்று தாய்மார் தங்களுக்குள் முடிவெடுத்தார்கள். கடன் இன்னும் முடியவில்லை. ஆனால் "அம்மா இல்லை" சொல்லும் வேலை பிள்ளைக்கு இல்லை.

எல்லாம் இப்படி முடிவதில்லை. அதே தாளில் நான்காவதாக இருந்த பெயர் தரம் 10 பிள்ளை ஒருத்தியுடையது, அந்த வகுப்பிலிருந்து பின்னர் சேர்க்கப்பட்டது. 6 கிழமையாக வரவில்லை என்று இடாப்பில் சிவப்புக் கோடு. நான் முதற்பெயரோடு மினக்கெட்டு அந்த வீட்டுக்குப் போனபோது அவளைக் கலியாணம் என்று சொல்லி ஒரு வீட்டுக்கு அனுப்பியாயிற்று. வயது 15. எங்கள் பொதுச் சட்டத்தில் 1995 இலிருந்து திருமண வயது 18. சிறுவர் உரிமை மேம்பாட்டு அலுவலர் மூலம் நடவடிக்கை எடுத்தோம். அவள் பாடசாலைக்குத் திரும்பவில்லை. முதல் கிழமையிலேயே யாராவது ஒருவர், ஆசிரியரோ அயலவரோ, படலையைத் திறந்து கேட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

சகோதரிகளே, உங்களில் பலர் "நான் படிக்கேல்லை, பள்ளிக்கூடத்தில போய் என்னத்தைக் கதைக்கிறது" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். என் தாயும் தரம் 5 வரைதான். 2009 இல் நாங்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது நான் உயர்தர மாணவி. அந்த ஓகஸ்டில் பரீட்சையும் முகாமுக்குள்தான் நடந்தது. தறப்பாள் கொட்டிலில் படிப்பித்த ஆசிரியரிடம் அம்மா ஒவ்வொரு பின்னேரமும் போய், "என்ர பிள்ளை வந்தவளோ? கவனமா இருந்தவளோ?" என்று இரண்டே கேள்வி கேட்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். அம்மா கேட்பார் என்பதற்காகவே ஒருநாளும் நிற்கவில்லை. அந்த முறை நான் சித்தியடையவில்லை. அடுத்த ஆண்டும் அம்மா அதே கேள்வியைக் கேட்டார்.

கணக்குச் சொல்லிக் கொடுக்கத் தெரிய வேண்டியதில்லை. வகுப்பாசிரியரின் பெயரைத் தெரிந்து வைத்திருங்கள். பிள்ளை நின்றால் காரணத்தை மறுநாளே சொல்லி அனுப்புங்கள், உண்மைக் காரணத்தை. கொப்பியைத் திறந்து கடைசியாக எப்போது சிவப்பு மையால் சரி போட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு வாசிக்கத் தெரிய வேண்டுமா? காசு கேட்பார்கள் என்ற பயத்தில் பாடசாலைப் பக்கம் போகாமல் இருக்காதீர்கள். இலவசக் கல்வி 1945 இலிருந்து எங்கள் பிள்ளைகளின் உரிமை. காசு கட்டவில்லை என்று பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. கட்டாயக் கல்வி வயது முன்பு 14 வரை இருந்தது, 2016 இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடம் சென்று பிரதியோ, பதிவே இல்லாவிட்டால் உத்தேச வயதுச் சான்றிதழோ எடுக்கும் வழியைக் கேளுங்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்க முன்னரே இதைச் செய்யுங்கள், தேசிய அடையாள அட்டைக்கும் அது வேண்டும். ஆசிரியர் அடிப்பதால் பிள்ளை போக மறுக்கிறதா? பாடசாலையில் உடல் தண்டனை கூடாதென 2005 இலேயே கல்வி அமைச்சின் சுற்றறிக்கை உண்டு. அதிபரிடம் சொல்லலாம், அங்கே கேட்காவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகலாம்.

படிவங்களில் "தந்தையின் பெயர், தொழில்" என்ற இடத்தைக் கண்டு கூனிக் குறுகுகிற தாய்மாரையும் பார்த்திருக்கிறேன். கணவர் காணாமற்போனவர் என்றால் இறந்தவர் என்று எழுதக் கை வராது. எழுத வேண்டாம். பாதுகாவலர் என்ற இடத்தில் உங்கள் பெயரை எழுதுங்கள், போதும்.

அந்த அக்கா இன்றும் பாடசாலைக் கட்டடத்துக்குள் போவதில்லை. 2024 இல் மகன் தரம் 10 க்கு வந்தபின் ஒரு தவணை அறிக்கை கொடுக்கும் நாளில் நானும் அங்கே நின்றேன். மற்றத் தாய்மார் மண்டபத்துக்குள் இருக்க, இவர் கேற்றுக்கு உட்புறமாக, மாமரத்தின் கீழ் இருந்தார். உட்புறமாக என்பதைக் கவனியுங்கள். வகுப்பாசிரியை அறிக்கையை எடுத்துக்கொண்டு வெயிலுக்குள்ளால் நடந்து வந்து பக்கத்தில் கல்லில் இருந்தார். கணிதத்துக்கு 41. ஆசிரியை பேனையைக் கொடுத்தார். அக்கா அறிக்கையை மடியில் வைத்து, தன் பெயரை எழுத்து எழுத்தாக, முழுதாக எழுதினார்.