துண்டுத் துணியில் ஒரு போர்வை



தையல் மிஷின் உள்ள வீடுகளில் எல்லாம் ஒரு பை இருக்கும். ரவிக்கை தைத்த மிச்சம், பாவாடையில் வெட்டியெடுத்த துண்டு, பள்ளிச் சீருடையில் மீந்தது என்று அதில் சேர்ந்துகொண்டே போகும். எறியவும் மனம் வராது. எதற்கும் உதவவும் செய்யாது. கடைசியில் தீபாவளிக்கு வீட்டை ஒழிக்கும்போது குப்பையோடு போய்விடும். அந்தப் பையைப் போர்வையாக்குவது எப்படி என்று எழுதும்படி நம் சங்கத்துச் சகோதரிகள் கேட்டுக்கொண்டார்கள். தண்டவாளத்தோடு காலம் கழித்தவனுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் நினைக்கலாம். போன வருஷம் நான் செய்த ஒரு தவறுதான் இதை எழுதும் தகுதியை எனக்குத் தந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

ஒட்டுத் துணியின் பெருமை

துணியை ஒட்டுப்போட்டுத் தைப்பது பழைய வழக்கம். புத்த பிக்குகளின் ஆடை துண்டுகளை இணைத்துத் தைக்கப்படுவது. மகத நாட்டில் வரப்புகளால் பிரிந்து கிடந்த வயல்களைக் காட்டி, அந்த அமைப்பிலேயே ஆடை தைக்க முடியுமா என்று புத்தர் ஆனந்தரிடம் கேட்டதாக வினய நூல் கூறுகிறது. நெல்லியாம்பதி மலையேறும்போது கீழே கொல்லங்கோட்டு வயல்களைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்.

வங்காளத்துக் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியரின் கோதடி, வட கர்நாடகத்தின் கௌதி எல்லாம் பழந்துணியை அடுக்கி ஓட்டுத் தையல் போட்டவையே. தமிழகக் கோயில் தேர்களில் தொங்கும் தொம்பையும் வண்ணத் துணிகளை வெட்டி மேலே வைத்துத் தைத்த கைவேலைதான்.

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழியினர். அவர்கள் வீட்டுப் பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார்கள். நான்கு மூலையிலும் முக்கோணமாக மடித்த துணியை வைத்துத் தைப்பார்கள். அதைப் பூ என்பார்கள். அது இல்லாவிட்டால் போர்வை முழுமையாகாது. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்துக் கீஸ் பெண்ட் என்னும் சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளைக் கொண்டு தைத்த போர்வைகள் 2002இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 2006இல் அந்நாட்டு அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலைகளாக வெளியிட்டது. குளிருக்காகத் தைத்த கந்தல், கலைப்பொருளாகச் சுவரேறியது.

கட்டம் எதற்கு?

கவந்திக்கு அளவுகோல் தேவையில்லை. ஒருத்தி கையில் தொடங்கிய போர்வை அவள் கையிலேயே முடியும். துண்டு எந்த வடிவில் இருந்தாலும் அவள் கண் பார்த்துக்கொள்ளும். நமக்கு அது ஒத்துவராது. நம்மில் சிலர் சித்தூரில் இருக்கிறோம், சிலர் வாளையாறில், சிலர் மூணாறிலும் பீர்மேட்டிலும். ஒரே போர்வையைப் பத்து வீடுகளில் பிரித்துத் தைக்க வேண்டுமானால், சிறு சிறு சதுரக் கட்டங்களாகத் தைத்துப் பிறகு ஓரிடத்தில் சேர்ப்பதுதான் வழி. வெளிநாட்டில் இதைப் பிளாக் என்கிறார்கள். ஒரு கட்டம் மடியில் அடங்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் முடியும்.

ஆனால் கட்டங்கள் சேர வேண்டுமே! இங்கேதான் நான் சறுக்கினேன். என் மனைவியின் பெரியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து கிள்ளி ஓய்வு பெற்றவர். மூணாறுப் பக்கம் டிசம்பர், ஜனவரி மாதங்களில் புல்லின் மேல் உறைபனி படியும். அவருக்காக ஒரு போர்வை தைக்க ஒன்பது வீடுகள் முன்வந்தன. அளவு சொல்லும் பொறுப்பு என்னுடையது. "9 அங்குலக் கட்டம்" என்று சீட்டில் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன்.

வந்து சேர்ந்த கட்டங்களைப் பரப்பினால் எதுவும் எதோடும் சேரவில்லை. சிலர் 9 அங்குலம் என்பதைத் தைத்து முடித்த கட்டத்தின் முழு அளவு என்று கொண்டார்கள். சிலர் சுற்றிலும் தையலுக்கு விட்டு 9½ அங்குலம் வைத்தார்கள். இரண்டும் சரியே, சீட்டுதான் தவறு. அரை அங்குல வித்தியாசம் ஆறு கட்டங்களில் 3 அங்குலமாகும். ஏறக்குறைய பாதியைப் பிரித்துத் திரும்பத் தைத்தார்கள். போர்வை மலையேறியபோது மார்ச் மாதம். "பனி போயிருச்சே மாப்பிள்ளை. சரி, அடுத்த பனிக்கு ஆச்சு" என்றார் பெரியம்மா. கடிந்து சொல்லியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

பாலக்காடு - பொள்ளாச்சிப் பாதை அகலப் பாதையாகி 2015இல்தான் திறந்தது. அதற்கு முன் அது மீட்டர் பாதை. அகலப் பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர்; மீட்டர் பாதைக்கு 1,000. வண்டியும் நல்ல வண்டி, பாதையும் நல்ல பாதை. ஆனால் ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. இது தெரிந்த நானே துணியில் கேஜை மறந்தேன்.

செய்முறை

முதலில் துணியைப் பிரியுங்கள். பருத்தியோடு பருத்திதான் சேர வேண்டும். சந்தேகமானால் ஓர் இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி மணிபோல் உறையும். பனியன் துணி இழுபடும், கட்டத்துக்கு ஆகாது. அது எண்ணெய் துடைக்கத்தான் லாயக்கு. ரயில்வே ஷெட்டுகளில் அதற்கு நல்ல கிராக்கி. எடுத்து வைத்த துணியை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். சுருங்குவதும் சாயம் போவதும் முன்னாலேயே முடிந்துவிடும்.

அடுத்து கேஜ் அட்டை. கெட்டி அட்டையில் 3½ அங்குலச் சதுரம் ஒன்று வெட்டுங்கள். இதுவே வெட்டளவு. அதற்குள் நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டு 3 அங்குலச் சதுரம் வரையுங்கள். இது தையலளவு. தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு எட்டு நூல். ஆகவே தையலுக்கு விடுவது இரண்டு நூல். எந்த அளவைச் சொன்னாலும் வெட்டளவா, தையலளவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போன வருஷச் சீட்டில் விட்டுப்போனது அந்த ஒரு சொல்தான்.

அட்டையின் ஓரம் துணியின் பாவு நூலுக்கு நேராக இருக்கட்டும். கோணலாக வைத்து வெட்டினால், தையற்காரர்கள் கிராஸ் என்பார்களே, அதுபோல ஓரம் இழுபட்டுச் சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

ஒரு கட்டத்துக்கு ஒன்பது துண்டு: அழுத்தமான நிறம் 5, வெளிர் நிறம் 4. மூன்று மூன்றாக இணைத்து மூன்று வரிசை, பிறகு வரிசைகளை ஒன்றோடொன்று. மிஷினில் தைப்பவர்கள் ஊசி இறங்கும் இடத்திலிருந்து இரண்டு நூல் தள்ளித் தட்டின்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு, துணியின் ஓரத்தை அதை ஒட்டியே விடலாம். கையால் தைப்பவர்கள் பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளலாம். துணி மடிகிற இடத்தில் ஒரு மயிரிழை போய்விடும். ஆகவே இரண்டு நூலுக்குச் சற்றே குறைவாகத் தைப்பது நல்லது.

"அரை நூல்தானே" என்று அலட்சியம் வேண்டாம். ஒவ்வொரு ஓரத்திலும் அரை நூல் கூடுதலாகப் பிடித்தால் ஒரு தையலுக்கு ஒரு நூல் குறையும். கட்டத்தின் குறுக்கே இரண்டு தையல். ஆறு கட்டத்துக்குப் பன்னிரண்டு நூல். ஒன்றரை அங்குலம் போயிற்று!

உள்பக்கத் தையலை இஸ்திரி போடும்போது முதல் வரிசையில் வெளிப்பக்கமாகவும், இரண்டாவதில் உள்பக்கமாகவும், மூன்றாவதில் மறுபடி வெளிப்பக்கமாகவும் சாயுங்கள். மடிப்பின் தடிமன் ஓரிடத்தில் குவியாது. மூலைகளும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும்.

முடித்த கட்டத்தை 9½ அங்குல அட்டைமேல் வைத்துப் பாருங்கள். நான்கு ஓரமும் ஒத்திருந்தால் அனுப்பலாம். இல்லாவிட்டால் அன்றே பிரித்துவிடுங்கள். ஒரு கட்டத்தைப் பிரிப்பது சுலபம், போர்வையைப் பிரிப்பது கஷ்டம்.

சேர்ப்பது

அகலத்தில் 6, நீளத்தில் 9, ஆக 54 கட்டங்கள் சேர்ந்தால் 54 அங்குல அகலமும் 81 அங்குல நீளமும் உள்ள ஒற்றைப் போர்வை. துண்டுகள் மொத்தம் 486. சேதாரம் இல்லாமல் கணக்கிட்டால் 36 அங்குல அகலத் துணியில் ஏறக்குறைய 4.2 மீட்டர். அவ்வளவு துணி நம் வீட்டுப் பைகளில் சும்மா கிடக்கிறது.

நடுவில் பழைய பருத்திச் சேலை. ஒரு சேலையை இரண்டாக வெட்டி அகலவாட்டில் இணைத்தால் ஓர் அடுக்குக்குத் தாராளம். மலைக்குப் போவதென்றால் இரண்டு அடுக்கு வையுங்கள். அடியில் காடாத் துணி, மேல் தட்டைவிடச் சுற்றிலும் 3 அங்குலம் பெரிதாக. மூன்றையும் விரித்து, நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கி, 3 அங்குலத்துக்கு ஒரு வரியாக ஓட்டுத் தையல் போடுங்கள். சுருக்கம் எல்லாம் வெளியே தள்ளப்பட்டுவிடும். கடைசியில் காடாவின் ஓரத்தை மேலே மடித்துத் தைத்தால் போர்வை தயார்.

இந்த வருஷமும் ஒரு போர்வை தைக்கச் சகோதரிகள் தயாராக இருக்கிறார்கள். 3½ அங்குலம் வெட்டளவு, 9½ அங்குலம் தைத்த கட்டத்தின் முழு அளவு. இந்த இரண்டு அட்டைகளை நானே வெட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி தருகிறேன். கார்த்திகைக்குள் கட்டங்கள் வந்து சேர்ந்தால், மார்கழிப் பனிக்கு முன்னால் போர்வை மலையேறிவிடும்.