காட்டுக் காளானைப் படம்பிடித்தல்

ஹோட்டன் சமவெளிக்குச் செல்வோர் பெரும்பாலும் உலக முடிவென்னும் செங்குத்துச் சரிவைக் கண்டு மீள்வதோடு நிறைவெய்துவர். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் அமைந்து, 1988 ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாக்கப்பட்ட அந்நிலத்தின் முகிற்காடுகளிலே, பாதையோரத்து இற்ற மரங்களில் முளைத்திருக்கும் காளான்களை நின்று நோக்குவோர் சிலரே. அவற்றைப் படம்பிடிக்கும் ஒருநாட் பயணம் பொழுதுபோக்கு மட்டுமன்று, அறிவியற் பணியுமாகலாம்.

காளான் என நாம் காண்பது, மண்ணிலும் மரத்திலும் பரந்து கிடக்கும் நுண்ணிழைகள் தம் வித்திகளைப் பரப்புதற்குத் தோற்றுவிக்கும் உறுப்பேயாம். 19 ஆம் நூற்றாண்டிலே பேராதனைத் தாவரவியற் பூங்காவிலிருந்து துவெயிற்சு அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு, இங்கிலாந்திலிருந்த பேர்க்கிலியும் புறூமும் இலங்கைக் காளான்கள் பலவற்றை விவரித்தனர். உலர்ந்த காளான் நிறத்தையும் வடிவத்தையும் இழந்துவிடும். முளைத்த இடத்திலேயே எடுக்கப்படும் படமோ அவ்விரண்டையும் காத்துத் தருகின்றது. பூங்காவிலிருந்து எதனையும் பறித்துச் செல்லலாகாது என்னும் விதியும் அதனால் மீறப்படுவதில்லை.

ஆயினும், மேற்புறத்தை மட்டும் காட்டும் படம் அழகுக்கன்றி ஆராய்ச்சிக்கு உதவாது. குடையின் அடியில் இருப்பவை தகடுகளா, நுண்டுளைகளா என்பது இனமறிதற்கு இன்றியமையாதது. காளானைப் பறியாமலே இதனைக் காணச் சிறு கண்ணாடியொன்றை அதன்கீழ்ப் பிடித்தல் போதும். கருவியை நிலத்தோடொட்டித் தாழ வைத்தல் வேண்டும். காட்டினுள் ஒளி குறைவாதலின், அசையாவண்ணம் அதனைத் தாங்கியொன்றில் இருத்தி, ஒளியை நெடுநேரம் உட்செல்லவிடுதல் நன்று. அளவறிய ஓர் அளவுகோலையும், சூழலறிய முளைத்த மரத்தையும் படத்துட் சேர்த்துக்கொள்க.

இங்கு ஓர் எச்சரிக்கையும் வேண்டப்படும். அமனிட்டா இனங்கள் சிலவற்றின் தண்டடியிலுள்ள உறை மண்ணுள் மறைந்திருக்கும். அதைக் காணத் தோண்டுதல் பூங்காவில் தகாது. எனவே, நஞ்சுள்ளதை உணர்த்தக்க அடையாளமே படத்தில் இடம்பெறாது போகலாம். ஐரோப்பாவிற்குரிய அமனிட்டா பலோயிடெசு என்னும் காளானை உண்டவர்க்குப் பொதுவாக 6 மணி நேரத்திற்கு மேற்பட்ட பின்னரே நோய்க்குறி தோன்றும். அதற்குள் நஞ்சு ஈரலைத் தாக்கத் தொடங்கியிருக்கும். ஆகவே, படத்தை ஒப்புநோக்கி எக்காளானையும் உண்ணத் துணிதல் பேதைமையாகும்.

நல்ல படம் ஒரு வினாவைத் தெளிவாக எழுப்புவது. முடிவு கூறுதற்கோ வித்திகளை நுணுக்குக்காட்டியில் ஆராய வல்லார் வேண்டும். இவ்வெல்லையை உணர்ந்து படம்பிடிக்கும் மாணவன், காட்டிற்கு ஊறு செய்யாமல் அறிவிற்கு ஆக்கம் தேடியவனாவான்.