படகின் புறமோட்டாரைப் பொருத்தும் உயரம்

1952-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி நடைபெற்ற இந்திய-நார்வே திட்டம், கேரளத்தின் நீண்டகரையில் படகினுள்ளே இயந்திரம் அமைக்கும் முறையைப் பரப்பிற்று. வள்ளத்தின் புறத்தே மாட்டிக் கழற்றத்தக்க ‘அவுட்போர்டு’ மோட்டாரோ, 1980-களில்தான் அக்கரையில் பெருவழக்காயிற்று. கொச்சி, மட்டாஞ்சேரிப் பகுதிகளில் இன்று அதனை அறியாதார் இலர். எனினும், அது எவ்வளவு உயரத்தில் நிற்றல் வேண்டும் என்பதைப் பலர் கண்ணளவாகவே முடிவு செய்கின்றனர். விரயமாகும் எரிபொருளுக்கும் பழுதாகும் எஞ்சினுக்கும் இது ஒரு முக்கிய காரணமாகும்.

மோட்டாரின் கீழ்ப்பகுதியில், சுழல்விசிறிக்குச் சற்று மேலே, கிடையாக ஒரு தட்டு உண்டு. நீர்மட்டத்திலிருந்து காற்று விசிறிக்கு இறங்காமல் தடுப்பதே அதன் வேலை. இதனைக் ‘காவிட்டேஷன் தட்டு’ என்பது பொருந்தாப் பெயர். காவிட்டேஷன் என்பது அழுத்தக் குறைவால் நீரே ஆவிக்குமிழியாவது. இங்கு நிகழ்வதோ வெளிக்காற்று உட்புகுதல். ஆகவே காற்றுத்தடைத் தட்டு என்றே இங்குக் குறிப்போம்.

மோட்டார் மிக உயர்ந்து நின்றால் விசிறி காற்றையும் சேர்த்து அரைக்கும். நீர் காற்றினும் ஏறத்தாழ 800 மடங்கு அடர்ந்தது. காற்று கலந்த இடத்தில் விசிறிக்குப் பற்றுக்கோடில்லை. எஞ்சின் ஓலமிட்டுச் சுழலும், படகு முன்னேறாது. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. குளிர்விக்கும் நீரை உறிஞ்சும் துளைகள் வெளிப்பட்டுவிட்டால், நீரின்றி ஓடும் பம்பின் ரப்பர்ச் சக்கரம் விரைவில் கெடும். எஞ்சின் கொதித்து இறுகி நின்றுவிடும். அலை உடையும் இடத்தில் இது நேர்ந்தால் வள்ளம் கவிழவும் கூடும். மிகத் தாழ்ந்து நின்றாலோ, நீரின் தடை மிகுந்து வேகம் குறையும்; எண்ணெய் வீணாகும்; ஆழமற்ற காயலில் விசிறி தரை தட்டும்.

பொதுவிதி எளியது. படகின் அடித்தளத்தோடு ஒரு நேர்க்கோலை ஒட்டிப் பின்னோக்கி நீட்டுக. தட்டு அக்கோலின் மட்டத்திலோ, 25 மில்லிமீட்டர் வரை கீழாகவோ இருக்கலாம். அடியில் தடித்த ஏராக்கட்டை ஓடும் படகுகளில் நீர் குழம்பி வருமாதலால், சற்றுத் தாழ்த்துவது நலம். குட்டைத் தண்டு மோட்டார் சுமார் 15 அங்குலப் பின்பலகைக்கும், நீளத் தண்டு சுமார் 20 அங்குலப் பலகைக்கும் உரியன. இதனை வாங்கும்போதே பார்த்தல் வேண்டும்.

இருமுனையும் கூர்ந்த வள்ளங்களுக்குப் பின்பலகை கிடையாது. பக்கத்தில் தாங்கி அமைத்தே மோட்டாரை மாட்டுவர். இங்கே கோல் அளவு தொடக்கமே, முடிவன்று. வள்ளம் ஒருபுறம் சாயுங்கால் மோட்டாரும் எழும்பும். ஆதலின் வழக்கமான ஆட்களையும் வலையையும் ஏற்றி, நீரில் ஓட்டியே சோதித்தல் வேண்டும். வெறும் வள்ளத்தில் செய்த சோதனையை நம்பலாகாது. நேராகவும், இருபுறம் திருப்பியும் ஓட்டுக. திருப்பத்தில் எஞ்சின் சட்டென இரைந்தால் அரை அங்குலம் தாழ்த்துக. குளிர்நீர் வெளிவரும் தாரை அறாது பாய்கிறதா என்றும் நோக்குக. உயரம் அமைந்தபின், பற்றிருக்கியை மட்டும் நம்பாமல், மோட்டாரை ஒரு காவற்கயிற்றால் வள்ளத்தோடு பிணைத்து வைக்கவும்.